காதை நிமிர்த்திப் பிடித்த முயல்

மூங்கில் காட்டில் ஒரு பெரும் பள்ளம். அதன் ஓரத்து ஆலமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆட்டியது ஒரு கருமந்தி. ஒரே வீச்சுதான், காலுக்குக் கீழே பள்ளம் வாயைப் பிளக்கும். மான்குட்டியும் நரிக்குட்டியும் அலறிக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கின.

சின்னக் குட்டிகளைப் பெற்ற மிருகங்கள் சண்டைக்கு வந்தன. வீச்சைக் குறைத்தே ஆகவேண்டுமாம். பயமில்லாவிட்டால் அதில் என்ன ருசி என்றன பெரிய குட்டிகள். மூன்று நாள் கத்திக் களைத்தபின் யானை ஒரு வழி சொன்னது. வீச்சு அப்படியே இருக்கட்டும், மரத்தில் ஒரு கோடு கிழிப்போம். தலை கோட்டைத் தொட்டால் ஏறலாம், அந்த உயரம் இருந்தால்தான் விழாமல் பிடிக்கும் இடுப்புக்கொடி இடுப்பில் நிற்கும். மற்றவர்களுக்குத் தாழ்வாக ஒரு குட்டி ஊஞ்சல். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நெடுஞ்செவி என்ற முயலுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முயல் என்றாலே பயந்தாங்கொள்ளி என்று காடு முழுக்கக் கேலி. தன் குட்டி பூளையாவது அந்தப் பேரைத் துடைக்கட்டும் என்று அதற்கு ஆசை. ஆசை அப்பனுக்கு, ஏறுவது பிள்ளை! பூளைக்கோ குட்டி ஊஞ்சல் என்றால் உயிர்.

வரிசையில் நிற்கும்போதே பூளை அப்பாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"என் பிள்ளைக்கு என்னடா பயம்? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

பூளையின் தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. நெடுஞ்செவி விடவில்லை. குட்டியின் இரண்டு காதையும் பிடித்து நிமிர்த்தியது. காது நுனி கோட்டைத் தொட்டது.

காதையெல்லாம் அளக்கலாமா என்று மந்தி இழுத்தது. முயல் வளைகளில் உயரம் சொல்வதே காதோடு சேர்த்துத்தான் என்று நெடுஞ்செவி அடித்துப் பேசியது. அது பொய்யும் இல்லை. பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். மந்தி, சரி போ என்று ஏற்றிவிட்டது. அதற்கென்ன, அதன் குட்டியா?

இடுப்புக்கொடி பூளையின் கழுத்துக்கு மேலே தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு குட்டி திரும்பிப் பார்த்தது. அப்பா கைதட்டிக்கொண்டிருந்தது. முதல் வீச்சில் ஒரு கீச்சுக் குரல் கேட்டது. இரண்டாவது வீச்சில் ஊஞ்சல் காலியாகத் திரும்பி வந்தது.

புதரில் சிக்கிக் கிடந்த பூளையை உயிரோடுதான் தூக்கி வந்தார்கள். ஒடிந்த கால் கூடிவிட்டது. ஆனால் அது அதன்பின் வளையைவிட்டு வெளியே வரவே இல்லை. மழை ஓய்ந்து புல் தழைத்தது, மற்ற முயல்குட்டிகள் வெயிலில் குதித்தன. பூளை இருட்டிலேயே கிடந்தது.

நெடுஞ்செவி தினமும் அருகம்புல்லைக் கொண்டுபோய் வளை வாசலில் நிற்கும். "பூளை, அப்பா வந்திருக்கேன். வாடா கண்ணு, சின்ன ஊஞ்சலுக்குப் போகலாம்" என்று கெஞ்சும். அந்தக் குரலைக் கேட்டதுமே உள்ளே அந்தக் காது இரண்டும் முதுகோடு படிந்துவிடும். நெடுஞ்செவி புல்லை வைத்துவிட்டு அழுதுகொண்டே திரும்பும். நாளைக்கும் அப்படித்தான் நடக்கும் என்று அதற்குத் தெரியும்.

தன் வீம்புக்காகப் பிள்ளையின் பயத்தைக் காதில் வாங்காதவர், பிறகு எத்தனை கெஞ்சினாலும் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைத் திரும்பப் பெறமாட்டார்.