வீணாகப் போன சூடு

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு ஜெசிந்தா, குன்னூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவள். சீடர் தண்டபாணி, தொழிற்சாலைகளில் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அறிக்கை எழுதிக்கொடுத்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவளிடம் மீன் வளர்க்கக் கற்றுக்கொள்கிறார். ஊரில் சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கற்றுக்கொள்கிறவருக்கே கூச்சமில்லை, பார்க்கிறவர்களுக்கு என்ன வந்ததோ.

ஒரு மார்கழிக் காலையில் தண்டபாணி கடைக்குள் புயலாக நுழைந்தார். ஒரு கையில் கழற்றிய எல்.இ.டி. விளக்கு. இன்னொரு கையில் நாலு பக்கப் புகார்.

"டீச்சர், இதுல சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தக் கம்பெனிக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

"என்ன ஆச்சு சார்?"

"ஆறு ஏஞ்சல் மீன்ல ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் நாலும் அடியில கிடக்குது. தீனி போட்டா திரும்பிக்கூடப் பார்க்கலை. தீபாவளிக்குத்தான் பழைய விளக்கை எடுத்துட்டு இதை மாட்டினேன். ஒண்ணரை மாசத்துல கொன்னுட்டானுங்க!"

அந்த ஆறு மீன்களையும் நகக்கண் அளவு இருந்தபோது வாங்கி வளர்த்தவர். புகாரை அவள் கையில் திணித்தார்.

ஜெசிந்தா புகாரை முழுக்கப் படித்தாள். அவளுக்கும் கோபம் ஏறியது. ஆனால் கம்பெனிக்காரன் மேல் அல்ல.

"நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. தண்ணியைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

"தண்ணிக்கு என்ன? வாராவாரம் மாத்துறேன்."

"தொட்டுப் பார்த்தீங்களான்னு கேட்டேன்."

அவள் ஒரு ஹீட்டரையும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

தொட்டியின் அடியில் நாலு மீன்களும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தன.

"கையை விடுங்க சார்."

தண்டபாணி மணிக்கட்டு வரை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"பதினேழு டிகிரி," என்றாள் ஜெசிந்தா. "ஏஞ்சலுக்கு இருபத்தஞ்சாவது வேணும்."

"போன மார்கழியிலயும் இதே குளிர்தானே? அப்ப நல்லா இருந்துச்சே?"

"அப்ப தொட்டி மேல என்ன இருந்துச்சு?"

"மர மூடி. உள்ளே ரெண்டு அறுபது வாட் குண்டு பல்பு. காலையிலேர்ந்து படுக்கப் போற வரைக்கும் எரியும். சுத்த வீண், டீச்சர். பத்துப் பங்கு கரண்ட் எடுத்தா ஒன்பது பங்கு வெறும் சூடாப் போயிரும்."

"எங்கே போச்சு?"

தண்டபாணி ஈரக் கையோடு தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப பழைய பல்பையே மாட்டிரட்டுமா?"

"எதுக்கு? இது நல்ல விளக்கு. செடி எப்படித் தழைச்சிருக்கு பாருங்க. இதையே மாட்டுங்க. சூட்டுக்கு ஹீட்டர் இருக்கு. ஆனா மெதுவா. மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல ஏறக் கூடாது. அவசரப்பட்டா இந்த நாலும் போயிரும்."

ஹீட்டரைத் தண்ணீரில் நிறுத்தி, அதன் சூட்டுக் குமிழை ஒரு கோடு மட்டும் நகர்த்தினாள். இருவரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

பத்தொன்பது டிகிரி வரைதான் தண்டபாணியால் சும்மா இருக்க முடிந்தது.

"இருந்தாலும் பெட்டியில எழுதியிருக்கணும்ல, இதுல சூடு வராதுன்னு? எழுதலையே! அது மோசடிதானே டீச்சர்?"

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஒரு கதை சொல்றேன் சார். நம்ம ஊர்ப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரி. கேட்டுல ஒரு வாட்ச்மேன் கூண்டு. அதுக்குள்ள ஒரு நூறு வாட் பல்பு. வாட்ச்மேன் பல்புக்குப் பக்கத்துல கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். மழையில நனைஞ்ச குரங்குக் குல்லாவை அது மேலதான் காயப் போடுவார். சாப்பாட்டுத் தூக்கையும் அதை ஒட்டித்தான் மாட்டி வைப்பார். ஒருநாள் ஆள் வந்து பல்பைக் கழட்டிட்டு ஒன்பது வாட் எல்.இ.டி. மாட்டிட்டுப் போனாங்க. அவர் யாரையும் திட்டலை. கேட் நோட்டுல எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னு சொன்னார். குளிருதுன்னும் சொன்னார். குளிருதுன்னு சொன்னதை யாரும் காதுல வாங்கலை. அந்தப் பனிக்காலம் முடியறதுக்குள்ள முட்டியும் விரலும் பிடிச்சுக்கிச்சு. கேட்டைத் திறக்க முடியலை. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"அநியாயம்!" என்றார் தண்டபாணி. நிஜமாகவே கொதித்துப்போனார். "ஒரு கம்பளி கொடுத்திருக்கலாம். ஒரு சின்ன ஹீட்டர் வெச்சிருக்கலாம். மனுஷங்கதானா அவங்க? எந்த ஃபாக்டரி?"

அவள் ஃபாக்டரியின் பெயரைச் சொன்னாள்.

தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஃபாக்டரிக்கு அறிக்கை எழுதினது நான்."

"தெரியும். முதல் நாள் கடை நோட்டுல பேர் எழுதினீங்களே, அந்த அறிக்கையில இருந்த அதே பேர். அப்பவே தெரியும்."

"அந்த வாட்ச்மேன்..."

"எங்க அப்பா."

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

சாயங்காலம் தெர்மாமீட்டர் இருபத்துமூன்றைத் தொட்டது. ஒரு மீன் துடுப்பை விரித்து மெல்ல மேலே வந்தது. பின்னால் இன்னொன்று. காலையில் இதற்காக அழாத குறையாக நின்றவருக்கு, இப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. புகாரை நாலாகக் கிழித்தார். அப்புறமும் மனசு ஆறவில்லை.

"கணக்குல தப்பில்லை டீச்சர்," என்றார் கெஞ்சுவதுபோல. "அந்தக் கூண்டுக்கு அவ்வளவு வெளிச்சம் போதும். இன்னைக்கு யார் போட்டாலும் அதே கணக்குத்தான் வரும்."

ஜெசிந்தா ஹீட்டர் குமிழை இன்னும் ஒரு கோடு நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"ஆமா, சரியாத்தான் போட்டீங்க. கூண்டுக்குப் போட்டீங்க சார். உள்ளே ஒரு ஆள் இருந்தார்."