நீலம் ஓடிய கழிமுகம்

கப்பலுக்குப் பாயும் காற்றும் மட்டுமே துணையாய் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் வெண்மணற்றுறை என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே அந்துவன் என்றொரு சாயக்காரன் வாழ்ந்தான். அவன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்துவன் பரதவர் குடியில் பிறந்தவன். ஆறு வந்து கடலில் கலக்கும் கழிமுகத்தில்தான் அவன் தவழ்ந்தான், நடந்தான், நீந்தினான்.

அந்தக் கரை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? கழியின் இருபுறமும் கண்டல் மரங்கள் சேற்றில் கால்களை அகட்டி ஊன்றி நிற்கும். வேருக்கு வேர் மடவை மீன் குஞ்சுகள் துள்ளும். மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்துக் கிடக்கும். அந்துவனும் பக்கத்துக் குடிசை மருதியும் விடிந்ததும் கூடையோடு போனால், வெயில் ஏறுமுன் கூடை நிறைய மட்டிச் சிப்பியோடு திரும்புவார்கள். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கினால், கழியே சிவந்துபோனது போலிருக்கும்.

அதெல்லாம் ஒரு காலம்.

வளர்ந்தபின் அந்துவன், கப்பலில் வந்த ஒருவனிடம் அவுரிச் சாயம் காய்ச்சக் கற்றான். கழிக்கரையில் மூன்று தொட்டிகள் கட்டினான். மூன்று முப்பதாயிற்று. இலையை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் கடைந்தால் நீலம் அடியில் படியும். மேலே நிற்கும் நாற்றத் தண்ணீரைக் கழியில் திறந்துவிடுவான். செஞ்சாயத்துக்குக் கண்டல் பட்டையை உரித்தான். அடுப்புக்குக் கண்டல் கட்டையை வெட்டினான். அவன் நீலத்துக்காகக் கப்பல்கள் காத்துக் கிடந்தன. மன்னன் சேந்தனே அந்த நீலத்தைத்தான் மேலாடையாகப் போட்டுக்கொண்டான்.

முதலாண்டு மடவைக் குஞ்சுகள் செத்து மிதந்தன. "வெயில் கடுமை" என்றான் அந்துவன்.

இரண்டாமாண்டு நண்டு வளைகள் வெறுமையாயின. "மழை குறைவு" என்றான்.

மூன்றாமாண்டு கடல் மணல்மேட்டைத் தாண்டிப் பரதவர் பாக்கத்தின் குடிசைகளை இழுத்துக்கொண்டு போயிற்று. "கடலுக்குக் கோபம்" என்றான்.

செய்தி கேட்டு மன்னன் வந்தான். கரையைப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கொண்டான். "இந்தக் கரையை மீட்பவர் யார்?" என்று பறையறைவித்தான்.

கல்தச்சன் ஒருவன் வந்து மதில் கட்டினான். ஐப்பசி அலை அடியில் பறித்து அதைச் சாய்த்தது. வணிகன் ஒருவன் வண்டி வண்டியாக மணல் கொட்டினான். கார்த்திகை அலை அதை அள்ளிப்போனது. கடைசியில் ஊரார் கூடிக் கடலுக்குப் படையல் இட்டார்கள். கடல் படையலையும் தின்றது, கரையையும் தின்றது.

பரதவர்கள் சட்டி பானைகளைப் படகில் ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தலைவி இப்போது மருதி. அந்துவன் கரைக்கு ஓடினான்.

"மருதி, நீயுமா போகிறாய்?"

"மீன் போய்விட்டது. மீன் போன வழியே போகிறவர்கள்தானே நாங்கள்?"

"இந்தக் கடலுக்கு அப்படி என்ன கோபமோ…"

மருதி சுருட்டிய வலையைக் கீழே போட்டாள். அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். முழங்கைவரை அது நீலம் பாரித்துக் கிடந்தது.

"கடல்மேல் பழி போடாதே, அந்துவா. இந்தக் கையைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். முதல் மீன் மிதந்த அன்றே தெரியும். தெரிந்ததைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை நாள் துணிவில்லை.

அவன் கழியில் இறங்கினான். சின்ன வயதில் துழாவியதுபோலச் சேற்றைத் துழாவினான். ஒரு மட்டியாவது கிடைக்காதா என்று உச்சி வெயில்வரை துழாவினான். கை நிறைய வெறும் ஓடுகள்தான் வந்தன. ஓடுகளின் உட்புறமும் நீலமாயிருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

அழுத ஈரம் காயுமுன் மன்னன் முன்னால் போய் நின்றான்.

"அரசே, இந்தக் கரையைக் கெடுத்தவன் நான். மதில் தோற்றதும் மணல் தோற்றதும் அதனால்தான். அலையைத் தாங்கிய மரங்களை நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். என் தொட்டிகளை மூடிவிடுகிறேன்."

மன்னன் அவனை உற்றுப் பார்த்தான். அவனைச் சோதிக்க எண்ணினான்.

"தொட்டிகளை மூடினால் உன் பெயர் போகும். கப்பல்களும் போகும். வேறு ஒரு வழி சொல், உன்னை மன்னித்துவிடுகிறேன்."

"கப்பல் போனால் போகட்டும், அரசே. கரையே போனபின் கப்பல் வந்து எங்கே நிற்கும்?"

மன்னன் தன் நீல மேலாடையைக் கழற்றி மடித்துவைத்தான். "கழி தெளியும்வரை இதை நானும் தொடேன். போ, உன் கையாலேயே சரிசெய்" என்றான்.

அந்துவன் முப்பது தொட்டிகளையும் தானே இடித்தான். கடப்பாரை ஓசை பாக்கம்வரை கேட்டது. படகுகள் புறப்பட்டுவிட்டன, மருதி மட்டும் இடுப்பளவு தண்ணீரில் குதித்து இறங்கிக்கொண்டாள்.

தொட்டிகளில் கிடந்த அவுரிச் சக்கையை மாட்டுவண்டியில் ஏற்றி உள்ளூர் வயல்களுக்குக் கொண்டுபோனார்கள். அதை உரமாகப் போட்ட வயலில் நெல் இடுப்பு உயரம் வளர்ந்தது. கடலுக்கு நஞ்சாய்ப் போனது வயலுக்கு உணவாகும் என்பதை அந்துவன் அப்போதுதான் அறிந்தான்.

பிறகு பக்கத்துக் காயலிலிருந்து முளைவிட்ட கண்டல் காய்களைக் கொண்டுவந்து கடல்முகத்தில் வரிசையாக நட்டான். ஒரே வாரத்தில் அலை அத்தனையையும் பிடுங்கியது. மறுபடி நட்டான். மறுபடியும் போயிற்று.

"அலையின் வாயில் கொண்டுபோய் ஊட்டுகிறாயே!" என்றாள் மருதி. "ஓதம் வந்து தங்கித் திரும்புகிற உள்கழியில் நடு. அதற்கு முன்னால், கழிக்குள் நீர் பாய்ந்த, இப்போது மண்மூடிக் கிடக்கிற வாய்க்காலைத் திற. தண்ணீர் ஓடினால் பாதி வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்."

இருவரும் வாய்க்காலைத் தோண்டினார்கள். மூன்றாம் முறை நட்டார்கள். நூறு நட்டதில் முப்பது நின்றது. முப்பது போதுமென்று அடுத்த நூறை நட்டார்கள். மணல்மேட்டில் அடப்பங்கொடியைப் பதித்தார்கள். முதலில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன ஊரார் மெல்ல மெல்ல மண்வெட்டியோடு வந்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. அந்துவன் தலை நரைத்தது. கண்டல் காடு தோளுக்கு மேல் உயர்ந்தது. வந்த புயல் அதில் மோதித் தளர்ந்து திரும்பியது. மடவை வந்தது, நண்டு வந்தது. மட்டி மட்டும் வரவேயில்லை. இழந்ததெல்லாம் திரும்பிவிடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் காலை, போன படகுகள் திரும்பி வந்து கழிவாயில் நின்றன. முன்படகில் இருந்த முதியவர் குரல் கொடுத்தார்: "ஐயா, கரையில் இறங்கலாமா?"

முழங்கால் சேற்றில் நின்றிருந்த அந்துவன் கைகூப்பினான்.

"என்னைக் கேட்கிறீர்களே, பெரியவரே! உங்கள் ஊரில் நான் இருக்கலாமா என்று நானல்லவா உங்களைக் கேட்கவேண்டும்?"

முதியவர் படகின் கயிற்றை வீசினார். அந்துவன் அதைப் பிடித்து இழுத்தான்.

ஆகவே, கேட்டவர்களே, கெடுக்கும் கையை முதலில் நிறுத்தியவனால்தான் கெட்டதைச் சீராக்க முடியும்.