பன்னிரண்டு வோல்ட்

பூங்கோதை டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். கையில் ஏதாவது வேலை கிடைக்கும். அதைச் செய்து முடிப்பதற்குள் கேள்வி கரைந்து போயிருக்கும், இல்லையென்றால் இன்னும் பெரிதாகியிருக்கும்.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையின் மாடியில், ஞாயிறு காலைகளில் அவர் வகுப்பு எடுத்தார். எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிவந்து பொருத்தப் பழகுகிற வகுப்பு. வார நாட்களில் அவருக்கு ஒரு நூல் மில்லில் மெஷின் போர்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. முடியாத ஞாயிறுகளில் மாடிக் கதவில் 'இன்று வகுப்பு இல்லை' என்று ஒரு அட்டை தொங்கும். அதில் காரணம் இருக்காது. மன்னிக்கவும் என்ற வார்த்தையும் இருக்காது.

சிஷ்யர்களில் மூத்தவர் சென்னியப்பன். குருவைவிட ஏறக்குறைய இருபது வயது பெரியவர். இந்தக் கதையில் தாடி வைத்திருப்பது சிஷ்யர்தான். அதுவும் ஆசைப்பட்டு வளர்த்ததல்ல, சவரம் செய்ய நேரமில்லாமல் வளர்ந்தது.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மனைவி ருக்மணி பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, துணி, சமையல், மாத்திரை எல்லாம் அவரே. ஞாயிறு காலை மட்டும் எதிர்வீட்டு அம்மா வந்து ருக்மணி பக்கத்தில் உட்காருவார். அந்த நேரத்தில் சென்னியப்பன் ஓடிவந்துவிட்டு ஓடிப்போவார்.

வண்டியைப் பாதி வழியில் நிறுத்திய டிரைவர் என்ற பேர் அவருக்குக் கிடையாது. டேஷ்போர்டில் சிவப்பு பல்பு எரிந்தால், பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை டிப்போவில் கொண்டுவந்து சேர்ப்பார். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் அப்போது சொன்னாரா என்று யாரும் கேட்டதில்லை.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பவர் சப்ளைப் பெட்டி. வீட்டு கரண்டை வாங்கி, வேண்டிய வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுப்பது. ருக்மணிக்காகப் பழைய கார் ரேடியோ ஒன்று வாங்கியிருந்தார். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். கிடக்கிறவளுக்கு அந்த ரேடியோதான் பேச்சுத்துணை.

ஒரு ஞாயிறு, ஈயத்தை உருக்கிப் பற்ற வைக்கும் சால்டரிங் அயனைக் கையில் பிடித்தபடியே சென்னியப்பன் தூங்கிவிட்டார். டீச்சர் அயனை மெல்ல உருவி ஸ்டாண்டில் வைத்தார். மற்றவர்களைச் சத்தம் போடாமல் வேலை செய்யச் சொன்னார். வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப்போனபோதுதான் அவர் விழித்தார்.

"எழுப்பியிருக்கலாமுங்க டீச்சர். ஒரு கிளாஸ் வீணாப் போச்சே."

"வீணாப் போகலீங்கண்ணா" என்றார் டீச்சர். அவரும் அன்று களைத்துத்தான் இருந்தார். நாற்காலிகளை அடுக்காமலே விளக்கை அணைத்தார்.

பெட்டி ஒருவழியாக முடிந்தது. முகப்பில் வோல்ட்டைக் காட்ட முள் வைத்த ஒரு மீட்டர், இரண்டு திருகு. ஒரு திருகு எத்தனை வோல்ட் என்பதற்கு. இன்னொன்று, அதிகமாகப் போனால் எவ்வளவு கரண்ட் விடலாம் என்பதற்கு. மாட்டிய சாமான் அந்த அளவுக்கு மேல் இழுத்தால் பெட்டி தன் வோல்ட்டை இறக்கிக்கொண்டு, ஒரு சின்னச் சிவப்பு பல்பை எரியவிடும்.

டீச்சர் பன்னிரண்டு வோல்ட் வைத்து, ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டினார். இரண்டாவது திருகைக் குறைத்தார். ஹெட்லைட் மங்கியது. பெட்டியில் சிவப்பு பல்பு எரிந்தது.

சென்னியப்பன் முகம் வாடிப்போனது.

"என்னுங்க டீச்சர், இதுக்கே நாக்குத் தள்ளுது?"

"அதுக்கு வெச்ச அளவு அவ்வளவுதானுங்க."

"கேக்கறதக் குடுக்க முடியலீன்னா அப்புறம் என்னுங்க சப்ளை?"

டீச்சர் ஹெட்லைட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டி வைத்தார். "வீட்டுக்குக் கொண்டு போய் ஓட்டிப் பாருங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டு போனவர் முதலில் மூடியைத் திறந்தார். போர்டில் வெள்ளைப் பீங்கானில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. போகிற கரண்டை அளந்து பார்ப்பது அதுதான் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். சென்னியப்பன் ஒரு செப்புக் கம்பித் துண்டை எடுத்து, அந்த ரெசிஸ்டரின் இரண்டு காலையும் சேர்த்துப் பற்ற வைத்தார். இனி அளக்க ஒன்றுமில்லை. சிவப்பு பல்பு எரியப்போவதும் இல்லை. டிப்போவில் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தது போல அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ரேடியோ நன்றாகப் பாடியது. ருக்மணி கோணிய வாயோடு சிரித்தாள். பெட்டியை அவர் இரண்டு தடவை துடைத்து வைத்தார்.

ருக்மணியின் தங்கை சரசு சத்தியமங்கலத்தில் இருந்தாள். அவள் அடிக்கடி போன் செய்வாள்.

"மாமா, நான் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுங்களா?"

"எதுக்கு சரசு? நான் பாத்துக்கறேன்."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு சாயங்காலம் அவர் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, ரேடியோ கரகரவென்று இழுத்தது. உள்ளே ஏதோ ஒன்று பழுதாகி, கண்டபடி கரண்ட் கேட்க ஆரம்பித்திருந்தது. பெட்டி இல்லையென்று சொல்லவில்லை. கேட்கக் கேட்கக் கொடுத்தது. "ஏனுங்க... ஏனுங்க..." என்று ருக்மணி குழறிக் கூப்பிட்டாள். அவர் புளிக் கையோடு ஓடி வருவதற்குள் ரேடியோவிலிருந்து புகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அது அவருக்கும் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது, படுத்தால் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ருக்மணியிடம் போனார்.

"வாயத் தொற கண்ணு."

அவள் திறக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தொற."

திறக்கவில்லை.

"நான் ஒருத்தன் எத்தனையத்தான் பாக்கறது? வாயத் தொறக்கக்கூடவா உனக்கு வலிக்குது?" என்று கத்தினார். கத்தியது எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை காலத்தில் அவளைப் பார்த்து அவர் அப்படிக் கத்தியதில்லை.

ருக்மணி நல்ல கையைத் தூக்கித் தலையணை ஓரத்தைக் காட்டினாள். பிய்த்த மாத்திரை அட்டை அங்கே கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் குடித்த டம்ளரும் இருந்தது.

"இப்பத்தானுங்க... குடுத்தீங்க" என்றாள்.

பிரஷர் மாத்திரை. இரண்டாவது தடவை போனால் என்ன ஆகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சென்னியப்பன் மாத்திரையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதார். அன்றைக்கும் சரசு போன் செய்தாள். அன்றைக்கும் அவர், "நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் கருகிய ரேடியோவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். மற்றவர்கள் வந்திருக்கவில்லை. ரேடியோவைப் பற்றிச் சொன்னார். பிறகு, கேட்காமலே, மாத்திரையைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் முதலில் ரேடியோவைப் பிரித்துப் பார்த்தார்.

"மொதல்ல போனது இந்தச் சின்ன கெப்பாசிட்டருங்க. இத மாத்தியிருந்தாப் பாடியிருக்கும். மத்தது பூராம் அதுக்கப்புறம் கருகினது."

பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தார். செப்புக் கம்பியைப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

சென்னியப்பனே கேட்டார். "டீச்சர், நான் எதையும் புடிச்சு வெக்கலீங்க. இருக்கறது அத்தனையும் குடுக்கோணும்னுதான் அந்தக் கம்பிய வெச்சேன். அப்புறம் எப்படிங்க கருகுச்சு?"

டீச்சர் கட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் பெட்டிக்குள் குனிந்தார். பிறகு கம்பியை நறுக்கினார். துண்டு மேஜையில் விழுந்தது.

டீச்சர் மூடியைப் போட்டு, பெட்டியை ஓடவிட்டார்.

"பன்னெண்டு வைங்க."

வைத்தார். மீட்டரில் முள் பன்னிரண்டில் நின்றது.

"ரெண்டாவது திருகக் கொஞ்சமா வைங்க."

வைத்தார்.

"இப்ப ரெண்டு வயரையும் ஒண்ணாச் சேருங்க."

"டீச்சர், ஷார்ட் ஆயிருமுங்களே!"

"சேருங்க."

கண்ணை இடுக்கிக்கொண்டு, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்துப் பிடித்தார். வெடிக்கவில்லை. புகையும் வரவில்லை. முள் அடியில், பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சிவப்பு பல்பு எரிந்தது.

டீச்சர் இரண்டு வயரையும் ஒரு கிளிப்பால் கவ்வவிட்டு, அவர் கையை எடுக்கச் சொன்னார்.

"எத்தனை நேரம் இப்படி நிக்குமுங்க?"

"பிரிக்கற வரைக்கும் நிக்கும்."

சென்னியப்பன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார்.

"ஆகலீங்க."

"அன்னைக்கும் பெட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே டீச்சர். ரேடியோதானே கருகுச்சு?"

"ஆமாங்கண்ணா."

அவர் மேஜையில் கிடந்த ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சரசு. அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் போனைக் காதில் வைத்தார்.

"மாமா, அக்கா சாப்புட்டுச்சுங்களா?"

"சாப்புட்டா."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

எனக்கென்ன என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சரசு."

"என்னாச்சுங்க மாமா?"

"என்னால முடியல சரசு" என்றார். "ரொம்ப அசதியா இருக்குது. நேத்து... இல்ல, முந்தாநாளு... என்னைக்குன்னுகூடத் தெரியல. அவளுக்குக் குடுத்த மாத்திரையவே மறுபடியும் குடுக்கப் பாத்துட்டேன். நீ வர்றியா?"

அந்தப் பக்கம் சரசு என்ன சொன்னாளோ, அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில வர்றாளாமுங்க."

டீச்சர் "ம்" என்றார்.

"வரட்டும். நல்லதுதானுங்க. ஆனா ஒரு நாளும் வண்டிய நடுவழியில நிறுத்துனவன் இல்லைங்க நான். ருக்மணிய இன்னொருத்தர் கையில குடுக்கறேன்னு சொல்லிட்டேனே. என்கிட்ட இருந்தது பூராம் போயிட்ட மாதிரி இருக்குதுங்க டீச்சர்."

டீச்சர் தேடிக்கொண்டிருந்த ஸ்க்ரூ கிடைத்தது. அதை டப்பாவில் போட்டுவிட்டு வந்து, கிளிப்பைக் கழற்றி வயர்களைப் பிரித்தார். சிவப்பு பல்பு அணைந்தது. படுத்திருந்த முள் எழுந்து பழைய இடத்தில் நின்றது.

"முன்ன எவ்வளவு வெச்சீங்கண்ணா?"

"பன்னெண்டுங்க."

"இப்ப எவ்வளவு காட்டுது, பாருங்க."