நோட்டீஸில் இல்லாத பெயர்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான் என்பதால், இந்தக் கதையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடாதீர்கள். மொத்தம் நான்கே பேர். நான்கு பேருமே நல்லவர்கள். ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் நமக்கு வேலை சுலபம். இதில் அந்த வசதி இல்லை.

மதுரையில் ஓர் அறக்கட்டளை, திருவிழா நாடகங்களுக்காக அச்சடித்த பழைய நோட்டீஸ்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தது. முப்பது வருடத்து நோட்டீஸ்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட் என்பதையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டால் கலைஞர்களுக்கு உதவுகிற ஒரு தரவுத்தொகுப்பு கிடைக்கும் என்பது திட்டம். ஏற்றும் வேலைக்கு வந்தவள் பூங்கோதை. நோட்டீஸில் உள்ளதை உள்ளபடி பதிய வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட விதி.

ஸ்திரீபார்ட் மரகதவல்லியின் பெயர் வந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பங்குனியில் ஒரே தேதியில் அந்த அம்மாள் மேலூரிலும் நடித்திருக்கிறார், சாத்தூரிலும் நடித்திருக்கிறார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நூற்றுக்கணக்கான தடவை. நேரிலேயே போய்க் கேட்டுவிட்டாள். மரகதவல்லி மழுப்பவில்லை. பீரோவிலிருந்து பழைய டைரிகளை அள்ளிப் போட்டார்.

“டிக் அடிச்சிருக்கறது நான் போன நாடகம். வட்டம் போட்டிருக்கறது எனக்குப் பதிலா சொர்ணம் போனது. ஒரே நாள்ல ரெண்டு ஊரு வந்தா ஒண்ணுக்கு அவ போவா. எனக்கு மூணு பிரசவம், ஒரு ஆபரேஷன். அப்பவெல்லாம் முழுக்க அவதான். நோட்டீஸ்ல எம்பேரு இருந்தாத்தான் ஊர்க்காரங்க ஒத்துக்குவாங்க. மைக்குலயும் எம்பேரத்தான் சொல்லுவாங்க.”

பூங்கோதை உட்கார்ந்து எண்ணினாள். மரகதவல்லி பெயரில் 1,904 நாடகங்கள். அவற்றில் 1,117, சொர்ணம் என்கிற சொர்ணக்கிளி நடித்தவை. அட்டவணையின் கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு பத்தி இருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நேராக அந்தப் பத்தியில் ‘நடித்தவர்: சொர்ணக்கிளி’ என்று பதிந்தாள். இப்படி ஆயிரத்து நூற்றுப் பதினேழு தடவை. அந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தச் சமயத்தில் ஒரு புண்ணியவான், மூத்த நாடகக் கலைஞர் ஒருவருக்குக் கொடுங்கள் என்று அறக்கட்டளைக்கு ஒரு வீட்டை எழுதிவைத்தார். சிபாரிசுக்கே இடமில்லை, தரவைப் பார்த்து அதிக மேடை ஏறியவருக்குத்தான் வீடு என்றார் மேலாளர் ஜெயசீலன். உண்மையிலேயே கை சுத்தமான மனிதர். பட்டியல் வெளியாக மூன்று நாள் இருக்கும்போது பூங்கோதையைக் கூப்பிட்டார்.

“இந்தக் குறிப்புப் பத்தியை மெஷின் எண்ண மாட்டேங்குதும்மா. எடுத்துடலாமா? முக்கியமா ஏதும் இருக்கா?”

இருக்கிறது என்று சொன்னால், டைரி எப்படி ஆதாரமாகும், விதியை மீறி எதற்குப் பதிந்தாய் என்று கமிட்டி குடையும். பட்டியல் தள்ளிப்போகும். அவளுடைய வேலை நீட்டிப்புக் கடிதமோ அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“சும்மா குறிப்புதான் சார்,” என்றாள்.

பத்தி போயிற்று. சரிபார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டாள். பழைய கோப்பு மட்டும் அவள் கணினியில் அப்படியே இருந்தது.

பட்டியலில் மரகதவல்லி முதலிடம். 1,046 நாடகங்களோடு தேனிக்காரர் ஒருவர் இரண்டாமிடம். சொர்ணக்கிளிக்கு அறுபத்தெட்டு வயது. வாடகை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் அவரும் வீடு கேட்டு விண்ணப்பித்திருந்தார். ‘தரவில் பெயர் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

மரகதவல்லிக்குச் சொந்த வீடு உண்டு. பட்டியலைப் பார்த்ததும் பூங்கோதைக்குப் போன் போட்டு, டைரியில் இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்டார். “நோட்டீஸ்ல இருக்கறதுதாம்மா கணக்கு,” என்று பதில் வந்தது. வீடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அது தேனிக்குத்தான் போகும், சொர்ணத்துக்கு வராது. அதனால் வாங்கிக்கொண்டார். பதினோரு நாள் கழித்துச் சாவி கைக்கு வந்தது. பூங்கோதையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே சொர்ணக்கிளியின் அறைக்குப் போனார்.

“வீடு எம்பேருல இருந்துட்டுப் போகுது சொர்ணம். நீ இருந்துக்க.”

சொர்ணக்கிளி சாவியைத் தொடவில்லை. “காலமெல்லாம் உம்பேருல நடிச்சேன். இப்ப உம்பேருலயே குடியிருந்து சாகவும் சொல்றியா மரகதம்?”

பிறகு பூங்கோதையைப் பார்த்துத் திரும்பினார். “ஏந்தாயி, எம்பேரு ஒரு எடத்துலகூடவா இல்ல?”

“இல்லம்மா,” என்றாள் பூங்கோதை.

மறு வாரம் சொர்ணக்கிளி விருதுநகரில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே சமையலறையில்தான் படுக்கை. இங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது.

இப்போது சொல்லுங்கள். பத்தியை நீக்கியவர் ஜெயசீலன். வீட்டை வாங்கியவர் மரகதவல்லி. வேண்டாம் என்றவர் சொர்ணக்கிளியேதான். பூங்கோதையோ யாரும் கேட்காமலே அந்தப் பெயரைப் பதிந்தவள். சொர்ணக்கிளிக்கு வீடில்லாமல் செய்தது இந்த நால்வரில் யார்?

விடை: பூங்கோதைதான். ஜெயசீலன் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார். அதற்குள் ஒரு மனுஷி இருப்பது அவருக்குத் தெரியாது. மரகதவல்லி எதையும் ஒளிக்கவில்லை. சொர்ணக்கிளி தள்ளியது வீட்டை அல்ல, அடுத்தவர் பெயரை. அந்த 1,117 எங்கே இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் பூங்கோதை; மூன்று பேர் வாய்விட்டுக் கேட்டும் மூன்று பேரிடமும் மறைத்தாள். பயத்தில் செய்தாள் என்பது உண்மை. பயந்து செய்தாலும் தவறு தவறுதான். அச்சாகி வந்த பட்டியலின் முதல் பக்கத்தில் ‘சரிபார்த்தவர்: பூங்கோதை’ என்று போட்டிருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.