மலையைத் தின்றது யார்?

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். மனிதன் நல்லவன்தான். ஆனால் யார் முந்திப் பேசுகிறாரோ அவர் சொன்னதே அவனுக்கு நியாயம்.

அந்த நாட்டுக்குத் தண்ணீர் தந்தது கரும்பாறை மலை. இடையில் சில ஆண்டுகள் மழை பொய்த்தது. மறுபடி வானம் திறந்தபோது மலை மொட்டையாக நின்றது. மண் கரைந்து இறங்கி, அடிவாரத்து வயல்களைச் சேற்றால் மூடிவிட்டது. ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து கத்தினார்கள்.

"காட்டை அழித்தது யார்?" என்று கேட்டான் அரசன். வனக்காவல் தலைவன் பூழியன் துள்ளி எழுந்தான். அமைச்சர் இளந்தத்தர் வாயைத் திறப்பதற்குள் தான் பேசிவிட வேண்டும் அவனுக்கு.

"பாதியை வறட்சி அழித்தது, அரசே. மீதியை மலை இடையர்களின் ஆடுகள் தின்றுவிட்டன. அவர்களை நாட்டைவிட்டே விரட்டுங்கள்!"

"விரட்டு!" என்றான் அரசன்.

இடையர் தலைவி வெள்ளச்சியைக் கையைக் கட்டி இழுத்துவந்தார்கள். "எங்க ஆடு தழை தின்னும் சாமி, மரத்தையா தின்னும்?" என்று அவள் கொதித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இளந்தத்தருக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "நாளை வரை பொறுங்கள், அரசே. குற்றவாளியை நானே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு மலையேறினார்.

மறுநாள் சபைக்கு ஒரு கிடா வந்தது. கூடவே, வேரோடு தோண்டிய ஒரு அடிமரத்தை ஆட்கள் சுமந்துவந்து வைத்தார்கள். அதன் மேற்பக்கத்தைக் கோடரி துண்டித்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

"அரசே, இந்தக் கிடாவை உடனே படையில் சேர்க்க வேண்டும்! இவ்வளவு சுத்தமாக மரம் வெட்டுகிற பல்லுக்கு எந்தக் கோட்டைக் கதவு தாங்கும்?" என்றார் இளந்தத்தர்.

சபை சிரித்தது. பூழியன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அது... வறட்சியில் பட்டுப்போன மரம்" என்றான்.

"பட்ட மரம் நின்றபடியே காயும். இதன் உடம்பு எங்கே? வானம் தோளில் தூக்கிக்கொண்டு போனதா?"

"அரசரின் புது மாளிகைக்குத்தான் வெட்டினேன்!" என்று உளறிவிட்டான் பூழியன்.

"மாளிகைக்கு வந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் உம்முடைய சுண்ணாம்புச் சூளைகளில் எரிகிறது. நேற்று என் கண்ணால் பார்த்தேன்." இளந்தத்தர் குரலில் இப்போது கேலி இல்லை. "வறட்சி சில மரங்களைக் கொன்றது உண்மை. வெட்டிய இடத்தில் வந்த துளிரை ஆடு கடித்ததும் உண்மை. ஆனால் அதே மலையின் வடசரிவில் அம்மன் காடு இருக்கிறது. அதே வானம், அதே ஆடுகள். கோடரி மட்டும் நுழையவில்லை. இன்றும் பச்சையாக நிற்கிறது. இங்கே கோடரிக்காரன் பட்டு உடுத்தியிருக்கிறான், ஆட்டுக்காரி கட்டுண்டு நிற்கிறாள்! அரசே, மாளிகை உயர உயர, இத்தனை மரம் எங்கிருந்து வருகிறதென்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?"

அரசன் தலை குனிந்தான். பிறகு இறங்கிவந்து, வெள்ளச்சியின் கட்டைத் தானே அவிழ்த்தான். சூளைகளை இடிக்க உத்தரவிட்டான். பூழியனின் பட்டு பறிபோனது. மொட்டையான தெற்குச் சரிவில் நடப்போகும் கன்றுகளுக்குக் குடம் சுமக்கும் வேலை அவனுக்கு. கன்றுகள் தலைதூக்கும்வரை ஆடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லையென்று வெள்ளச்சியும் ஒப்புக்கொண்டாள்.

மலையின் காவலை அமைச்சரிடமும் அவளிடமும் ஒப்படைத்தான் அரசன். "உங்களைக் கேட்காமல் இனி ஒரு கிளையும் விழாது."

வெள்ளச்சி அவனை நேராகப் பார்த்தாள். "மகாராசாவே கோடரியோட வந்தா?"

"நேற்று என் ஆட்கள் உன்னைக் கட்டிய கயிறு அதோ கிடக்கிறது" என்றான் செங்கோடன். "எடுத்து வைத்துக்கொள்."