தாளம் தேய்ந்த அறை

"அம்மா, என் அறை தாளத்தைத் தின்கிறது" என்றார் குற்றாலிங்கம்.

பாத்திமா வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தாளத்தை?"

"நான் போட்ட தாளத்தை."

குற்றாலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய ஆசிரியை பாத்திமாவுக்கு முப்பத்து நான்கு.

ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்களைச் சீர்செய்வது பாத்திமாவின் தொழில். அவரிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பாடம் கேட்ட பின்னரே, குற்றாலிங்கம் தம் தென்காசி வீட்டில் இசை கேட்பதற்கென்று ஓர் அறை அமைத்தார். அதில் அவர் பெரிதும் கேட்டது ஒரே ஒலிப்பதிவை. ஒரு திருவிழாவில் அவருடைய தந்தையார் வாசித்த நாகசுரம் அது. அதற்குக் குழித்தாளம் போட்டவர் பன்னிரண்டு வயதுக் குற்றாலிங்கம்.

"நான் இந்த உலகத்தில் எழுப்பிய ஒலிகளில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதுவும் போகிறது" என்றார்.

"எப்படிப் போகிறது?"

"கடைசி அடி தனியாக விழும். முன்பெல்லாம் ஒரு மூச்சு இழுத்து விடும்வரை அந்தரத்தில் நிற்கும். இப்போது விழுந்த இடத்திலேயே செத்துவிடுகிறது."

"கேசட் தேய்ந்திருக்கலாம்."

"இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணினியில் ஏற்றிவிட்டேன். கணினியில் இருப்பது தேயுமா?"

"தேயாது."

"சுவரெங்கும் பஞ்சுப் பலகை அடித்தேன். பலகைதான் ஒலியைக் குடிக்கிறதோ என்று பாதியை இறக்கினேன். திரைச்சீலையை மாற்றினேன். கம்பளத்தைச் சுருட்டி மாடியில் போட்டேன். மறுபடியும் பலகையை ஏற்றினேன்."

"வாரம் ஒருமுறை வீட்டுக்குள்ளேயே தேரோட்டம்" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய மனைவி உலகம்மாளின் குரல்.

குற்றாலிங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நாளைக் காலை கொத்தனார் வருகிறார். பின்சுவரை இடித்து அறையை நீட்டப்போகிறேன். அதற்கு முன்னர் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்."

"பின்சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது?"

"நான் இருக்கிறேன்" என்றது அடுக்களை.

பாத்திமா அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டடி நகர்ந்தார். மீண்டும் தட்டினார்.

"எங்கே கெட்டிருக்கிறது?" என்றார் குற்றாலிங்கம்.

பாத்திமா இன்னும் இரண்டடி நகர்ந்தார்.

"சொல்லிவிடுங்கள், அம்மா. இரண்டு மாதங்களாகச் சோறு இறங்கவில்லை."

பாத்திமா பையிலிருந்து சிலேட்டு அளவுள்ள கண்ணாடி ஒன்றை எடுத்தார்.

"நாற்காலியில் அமருங்கள். இது எதற்கு என்று சொல்லுங்கள்."

குற்றாலிங்கம் நிமிர்ந்து அமர்ந்து, பாடம் ஒப்பித்தார்.

"கண்ணாடியைச் சுவரோடு சுவராக நகர்த்த வேண்டும். அமர்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் ஒலிபெருக்கி தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி மோதித் திரும்பும். அங்கே பலகை இருக்க வேண்டும்."

பாத்திமா இடச்சுவரில் கண்ணாடியை நகர்த்தினார்.

"தெரிகிறது."

அங்கே பலகை இருந்தது.

வலச்சுவர்.

"தெரிகிறது."

அங்கேயும் இருந்தது.

"ஒரு விரற்கடைகூடத் தவறவில்லை" என்றார் பாத்திமா.



"தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார் குற்றாலிங்கம்.

திடுக்கிட்டுத் திரும்பினார். அவருடைய முழங்கைக்கு அருகில் ஒரு தேநீர்க் குவளை நீண்டிருந்தது. மற்றொன்றைப் பாத்திமாவிடம் கொடுத்துவிட்டு உலகம்மாள் அடுக்களைக்குத் திரும்பினார்.

குற்றாலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"வந்ததே தெரியவில்லை, பார்த்தீர்களா? இந்த அறையில் நான் வென்றது இது ஒன்றில்தான். முன்பு இவள் வாசலுக்கு வருவதற்குள் வளையல் சத்தம் வந்துவிடும். கழற்றிவிட்டு வா என்று எத்தனை சண்டைகள்! ஒரு வழியாகப் பழகிக்கொண்டாள்."

பாத்திமா சற்று நேரம் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீரைக் கீழே வைத்தார்.

"அக்காவை அழையுங்கள்."

"இவளையா? இசைக்கும் இவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது."

"விரல் இருக்கிறதல்லவா?"

"கரண்டி பிடிக்கிற விரல்தான். போதுமா பாருங்கள்" என்றபடி உலகம்மாள் வந்தார்.

பாத்திமா அவரை நாற்காலிக்குப் பின்னால், அறையின் வாசலில் நிறுத்தினார்.

"இருவரும் கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டுங்கள். கடைசித் தாளம் விழுந்து, அதன் ஒலி முழுவதும் அடங்கியதும் கையை இறக்குங்கள். அதுவரை பேசக் கூடாது."

குற்றாலிங்கம் ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி கையைத் தூக்கினார்.

பாத்திமா ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கண்ணாடியுடன் வலச்சுவருக்குப் போனார்.

நாகசுரம் இறங்கி வந்தது. நின்றது.

தாளம் விழுந்தது.

குற்றாலிங்கம் கையை இறக்கினார்.

"செத்துவிட்டது" என்றார். "சொன்னேனே, அம்மா. செத்துவிட்டது."

பாத்திமா சுவரில் இருந்த கண்ணாடியைச் சிறிது திருப்பினார்.

அதில் ஒலிபெருக்கி இல்லை. வாசல் தெரிந்தது.

உலகம்மாள் கண்களை மூடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய விரல் உயர்ந்தே இருந்தது.

குற்றாலிங்கம் ஒரு மூச்சு இழுத்தார். விட்டார்.

விரல் இறங்கவில்லை.

பிறகு, மெல்ல, அந்தக் கை தாழ்ந்தது. முழங்கைப் பக்கம் சரிந்திருந்த ஆறு பச்சைக் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டை நோக்கி உருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மோதின.

மோதுவதைக் குற்றாலிங்கம் பார்த்தார்.

ஒலிக்காகக் காத்திருந்தார்.

"உலகு," என்றார் கடைசியில், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ வளையலைக் கழற்றவில்லையா?"

"நான் எப்போது கழற்றினேன்? நீங்கள்தான் திட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்."