நூறு கிராம் மிளகு

தேவசகாயம் சாருக்கு ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் ஒரு குரு அமைஞ்சது. குருவுக்கு வயசு இருபத்தாறு. பேரு நஸ்ரின். மேலப்பாளையத்துல வீட்லயே கேக் செஞ்சு விக்கிறவ. சார்கிட்ட பன்னெண்டாப்புல பிசிக்ஸ் படிச்சவ.

சார் 'மொட்டமாடி மேகம்'னு ஒரு பிளாக் வச்சிருந்தாரு. தினமும் காலைல மாடிக்குப் போய் மேகத்தைப் போட்டோ எடுப்பாரு. அது என்ன மேகம், எங்க இருந்து வருது, மழை தருமா, ஏமாத்துமான்னு எழுதுவாரு. அவ்வளவு அழகா எழுதுவாரு! படிக்கத்தான் நஸ்ரினை விட்டா ஒரு ஆள் கிடையாது.

நஸ்ரினுக்கும் ஒரு பிளாக் உண்டு. ஆனா அவ அடுத்தவங்க பதிவுக்குக் கீழ போடுற பின்னூட்டம்தான் ரொம்பப் பிரபலம். எழுதுனவங்களே 'நஸ்ரின் இன்னும் வரலையே'ன்னு காத்துக்கிட்டிருப்பாங்க. அதைப் படிச்சவங்க அப்படியே அவ பிளாக்குக்கும் வந்துருவாங்க.

ஒரு புதன்கிழமை சார் அவ வீட்டுக் கதவைத் தட்டுனாரு.

"குருவே!"

"அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன் சார். எங்கம்மா உள்ள சிரிக்காங்க."

"சிரிக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு ஆளு வரலன்னா பிளாக்கை அழிச்சிருவேன். முடிவு பண்ணிட்டேன்."

கேக்குக்கு கிரீம் தடவிக்கிட்டிருந்தவ கையை நிறுத்திட்டா.

"அவ்வளவு மேகத்தையுமா?"

"பின்ன? ஆளில்லாத கிளாஸ்ல எத்தன நாளு பாடம் எடுக்கது? நீ சொன்னபடிதான செஞ்சேன். அடுத்தவங்க பதிவுக்குப் போங்க, பின்னூட்டம் போடுங்கன்ன. தினமும் அம்பது போடுதேன்."

"அம்பதா! படிக்கவே நேரம் பத்தாதே சார்."

"படிச்சிக்கிட்டு இருந்தா எப்படிம்மா அம்பது போட முடியும்?"

நஸ்ரின் கிரீம் கரண்டியைக் கீழ வச்சா.

"கடைசியா எங்க போட்டீங்க?"

சார் போனைக் காட்டுனாரு. பொள்ளாச்சி கனகவல்லின்னு ஒரு அம்மாவோட சமையல் பிளாக். கொள்ளு ரசம். கீழ வரிசையா அருமை, சூப்பர், கைதட்டுற பொம்மை. எல்லாத்துக்கும் கீழ சாரோடது: 'செய்து பார்த்தோம். வீட்டில் அனைவரும் விரும்பிக் குடித்தோம். நமது பக்கமும் வாருங்கள்.'

"அனைவரும்னா யாரு சார்? வீட்ல நீங்க ஒரு ஆளுதான."

"ஒரு மரியாதைக்கு எழுதுததும்மா."

நஸ்ரின் பதிவை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா. ஒரு இடத்துல சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டா.

"நாளைக்கு மத்தியானம் இங்க சாப்பிட வாங்க சார்."

மறுநாள் சார் தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. தெருமுனை திரும்பும்போதே தும்மல் ஆரம்பிச்சுது. வீட்டுக்குள்ள நஸ்ரின் துப்பட்டாவை மூக்கோட சேத்துக் கட்டியிருந்தா.

"உங்கம்மா எங்க?"

"பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. ஜன்னலையும் சாத்திக்கிட்டாங்களாம். நீங்க உக்காருங்க."

டம்ளர்ல கரேல்னு ஒரு ரசம் வந்துச்சு. சார் பசியோட ஒரு வாய் நல்லா இழுத்தாரு.

அப்புறம் எந்திரிச்சாரு. உக்காந்தாரு. மறுபடி எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாரு.

"ஏட்டி, என்னது இது! ரசமா, ஆசிடா?"

"கொள்ளு ரசம் சார். அனைவரும் விரும்பிக் குடிச்சீங்களே, அதுதான்."

போனை நீட்டுனா. நாலு பேருக்கு, மிளகு நூறு கிராம்.

"தப்பு! இது தப்பு! பத்து கிராம் போதுமே!"

"ஆமா சார்."

"தெரிஞ்சா போட்ட?"

நஸ்ரின் மோர் டம்ளரைக் கைல எடுத்தா. ஆனா உடனே குடுக்கல.

"பெண்டுலத்தை ஆட்டாமலே ரீடிங் எழுதிட்டேன்னு ஒரு நாள் பூரா என்னைய லேபுக்கு வெளிய நிக்க வச்சீங்க. ஞாபகம் இருக்கா சார்?"

சார் மோரையே பாத்தாரு.

"இருக்கு. குடு."

மோர் முழுசும் உள்ள போனப்புறம்தான் அவருக்கு அடுத்த வார்த்தை வந்துச்சு.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"குடிச்சீங்கல்ல. அத எழுதுங்க."

கண்ணுல தண்ணி வழிய வழிய சார் அங்கயே உக்காந்து அடிச்சாரு. 'அம்மா, நேத்து நான் எழுதுனது பொய். செய்யாமலே செஞ்சேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு உங்க அளவுப்படியே நூறு கிராம் மிளகு போட்ட ரசத்துல ஒரு வாய் குடிச்சேன். இன்னும் காது சூடா இருக்கு. அளவை ஒரு தடவ பாருங்க. ஆனா கொள்ளை வறுத்துப் பொடிக்கச் சொன்னீங்க பாருங்க, அந்த வாசம் இவ்வளவு காரத்துலயும் தெரிஞ்சது.'

பழக்கத்துல விரல் தானா 'நமது பக்கமும்' வரைக்கும் போயிடுச்சு. சார் நிறுத்துனாரு. அந்த ரெண்டு வார்த்தையையும் அழிச்சிட்டு அனுப்புனாரு.

வெள்ளி போச்சு. சனி போச்சு. ஞாயித்துக்கிழமை காலைல நஸ்ரின் வீட்டுக் கதவு உடையாத குறை.

"குருவே! வந்துட்டாங்க! ஆளு வந்துட்டாங்க!"

சார் ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு போட்டிருந்தாரு. மூச்சு வாங்க வாங்க வாசிச்சுக் காட்டுனாரு. கனகவல்லி அம்மா எழுதியிருந்தாங்க: 'இந்தப் பதிவு போட்டு மூணு வருசமாச்சுங்க. நெசமா வச்சுப் பாத்தது நீங்கதானுங்க! பத்துன்னு போட வேண்டியதுங்க. படிச்சுப்போட்டு சிரிச்சதுல எனக்குப் புரையே ஏறிருச்சுங்க.'

"இது அவங்க பிளாக்குல. இன்னும் கேளு. நம்ம பிளாக்குக்கும் வந்து, ஒரு வாரப் பதிவையும் படிச்சிருக்காங்க!"

"என்ன எழுதியிருக்காங்க?"

சார் வாசிச்சாரு. 'மேகமெல்லாம் பாத்தனுங்க, நல்லா இருக்குதுங்க. எல்லாப் போட்டோவுலயும் கீழ கொடியில ஒரு செவப்புத் துண்டு தொங்குதுங்களே. மழையடிச்ச அன்னைக்கும் அங்கயேதான் இருக்குது. ஏனுங்க அத எடுக்கல?'

நஸ்ரின் அந்தப் போட்டோவை எல்லாம் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாத்தா. எல்லாத்துலயும் இருந்துச்சு.

"நானும் கவனிக்கலயே. ஏன் சார் எடுக்கல?"

சார் குரல் தானா இறங்கிருச்சு, பக்கத்துல ஏதோ தூங்குற மாதிரி.

"தேன்சிட்டும்மா. துண்டு ஓரத்து நூலை இழுத்து, கொடியோட சேத்துக் கூடு கட்டிருச்சு. நேத்துதான் குஞ்சு பொரிச்சிருக்கு. ரெண்டு. வாயைத் தெறந்தா முகமே வாய்தான்."

"இத நீங்க எழுதவே இல்லையே!"

"நம்மது மேகத்து பிளாக்குல்லா." சார் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "அத விடு. ஒரு ஆளு வந்தாச்சு. இனி நூறு ஆளு வரணும்னா என்ன செய்யணும்? அடுத்து யாரு பதிவுக்குப் போகட்டும்? சொல்லு குருவே."

"கனகவல்லி அம்மாவுக்குப் பதில் போட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா! பாத்ததும் உங்கிட்டச் சொல்லணும்னு அப்படியே ஓடி வாரேன்."

நஸ்ரின் எந்திரிச்சுப் போய் வாசக்கதவை அகலமா திறந்து விட்டா.

"வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சிட்டு, இங்க என்ன சார் பண்ணுதீங்க?"